டபுள் எக்ஸெல்லுக்கு நான்கு அட்டை

ஜனவரி 19, ஞாயிறு

நூல் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இருபத்து நான்கு வருடங்களாக வருடம் ஒன்று வந்தது. எல்லாவற்றிலும் பால்காரன் வராத நாட்களை மட்டும்தான் குறித்திருக்கிறேன். இந்த வருடம் வேறு வேலை வந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் எங்கள் செக்கிங் பிரிவையே மூடிவிட்டார்கள். துணியில் ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து அதன் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். இருபத்து நான்கு வருடமும் நின்றுகொண்டேதான் செய்தேன். இனி ஐம்பத்தொரு வயதுக் கண் வேண்டாமாம், கேமரா வைத்த மிஷின் வந்துவிட்டது. மிஷினுக்கு டீ வாங்கித் தரவேண்டியதில்லை, ஊர்வம்பும் பேசாது. பாவம் அதன் பக்கத்து மேஜைக்காரர்கள்.

எனக்காக ரோஷப்பட்டு என்னோடு வெளியே வந்தவள் கோகிலா. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். என்னைவிட எட்டு வயது இளையவள், வாய் மட்டும் எனக்கு மூத்தது. இருவரும் சேர்ந்து நைட்டி கம்பெனி ஆரம்பிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முழு முடிவு இல்லை. தொழில் பயிற்சி வகுப்பில் சார், "ஆரம்பிக்கறதுக்கு முன்னால, ஆரம்பிக்க முடியுமான்னு பாருங்க. ரெண்டு மாசம் நாளுக்கு நாள் எழுதுங்க. கடைசிப் பக்கத்துல முடியும், முடியாது, ஏதாவது ஒண்ணு எழுதிட்டு வாங்க" என்றார். அதனால்தான் இந்த எழுத்து.

கடைசி நாளில் கம்பெனியில் மாலை போட்டார்கள். அன்றைக்கே மருத்துவ முகாமும் இருந்தது. போகிறவர்களுக்கு எதற்கு என்று கேட்டால், டாக்டர் ஏற்கெனவே வரக் கிளம்பிவிட்டார் என்றார்கள். விரலில் குத்தி ஒரு சீட்டு கொடுத்தார்கள். நான்காக மடித்தால் டைரிக்குள் அடையாளம் வைக்கத் தோதாக இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

எங்கள் சரக்கு என்னவென்று எழுதியாக வேண்டும். பெரிய உடம்புக்காரிகளுக்கு நைட்டி. கடையில் ஃப்ரீ சைஸ் என்று தருவது யாருக்கு ஃப்ரீ என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கழுத்து நுழையும், அக்குள் பிடித்துக்கொள்ளும். கையைத் தூக்கி மேல் அலமாரி டப்பாவை எடுத்தால் டர்ரென்று ஒரு சத்தம். டப்பாவில் புளி இருக்கும், முதுகில் காற்று வாங்கும். இந்த ஊரில் எத்தனை பேர் இப்படிக் காற்று வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் என்னிடம்தான் சொல்வார்கள். என்னிடம் சொன்னால் நான் தப்பாக நினைக்க மாட்டேன், என் பெயரே விசாலாட்சி.

கட்டிங் மாஸ்டர் மயில்சாமி கோகிலா வீட்டுக்கு வந்தார். பழைய ஆள், பெண்களை அளவெடுக்கத் தானே டேப் பிடிக்க மாட்டார். கோகிலா பிடித்து எண்ணைச் சொல்வாள், அவர் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே குறித்துக்கொள்வார். மார்பு நாற்பத்தெட்டு. கோகிலா என்னைச் சுற்றி வருவதற்குள் மாஸ்டர் அந்த மாத விசேஷ நாட்களையெல்லாம் படித்து முடித்துவிட்டார்.

பழுப்பு அட்டையில் மார்பு, அக்குள் வளைவு எல்லாம் வரைந்து வெட்டி, மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி போட்டார். அவர் வெட்டுகிற எந்த அட்டைக்கும் தேதி உண்டு, எதையும் தூக்கிப் போடமாட்டார்.

கோகிலா அன்றே சட்டம் போட்டுவிட்டாள். "இனி நம்ம கம்பெனியில டபுள் எக்ஸெல்னா விசாலக்காதான். அக்காவுக்குப் பத்துச்சுன்னா ஊருக்கே பத்தும்."

ஒரு பதவி கிடைத்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி டவுன் பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் ஹாரன்கூட அடிக்கமாட்டார். சிரித்தார். பிறகு வழக்கமானதைச் சொன்னார். நான் துவரம்பருப்பு பொறுக்கினேன்.

ஜனவரி 23, வியாழன்

கம்பெனி போட இரண்டு இடம் பார்த்தோம். மூன்று பாட்டில் தண்ணீர். வெயில்.

(வீட்டுக்காரர் படித்துவிட்டு, இன்று காலை பனியில் ஹெட்லைட் போட்டுத்தான் பஸ் ஓட்டினேன் என்கிறார். பிறத்தியார் டைரியைப் படிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.)

ஜனவரி 27, திங்கள்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஷெட். முன்பு கோழிப்பண்ணை. வாசம் இன்னும் காலி செய்யவில்லை. கரண்ட் இருக்கிறது, பத்து மிஷின் போடலாம், பஸ் வாசலிலேயே நிற்கும். உரிமையாளர் அம்மா தன் மருமகள் ஒன்பது மணி வரை தூங்குகிற கதையை முழுதாகச் சொன்னார்கள். நான் மருமகள் பக்கம். ஒன்பது மணி எனக்கே இப்போது போதவில்லை.

ஷெட்டில் பாத்ரூம் இல்லை. முதலில் அதைக் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பெண்கள் வேலை செய்கிற இடத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்று கோகிலா பூரித்துப் போனாள். அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் அதற்குள் மூன்று முறை போய் வந்திருந்ததை அவள் எண்ணவில்லை.

நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்றேன். கால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

முதல் நைட்டி தயார். ஊதாவில் வெள்ளைப் பூ. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன், இறக்கினேன், புளி டப்பாவை எடுத்தேன், வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்து நான்கு வருடம் அடுத்தவர் தையலில் குற்றம் பார்த்தவள். இதில் அம்பு ஒட்ட ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

துணி பார்க்க ஈரோடு சந்தை. ஒரு கடைக்காரர் இருபது வகை விரித்துப் போட்டார். எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, நாலு நூல் விட்டதைக் காட்டினேன். "அம்மா எந்த கம்பெனியில செக்கிங்?" என்றார். மனம் நிறைந்து போயிற்று.

திரும்புகையில் பஸ்ஸில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு டிரைவர் பெண்டாட்டி செய்யக்கூடிய காரியமா இது?

பிப்ரவரி 9, ஞாயிறு

துவைத்தால் சுருங்கும் துணி பார்த்திருக்கிறேன். துவைத்தால் பெருகும் துணியை இப்போதுதான் பார்க்கிறேன். ஊதா நைட்டி தோளில் நிற்கமாட்டேன் என்கிறது.

மாஸ்டரை வரச் சொன்னோம். கோகிலா டேப் பிடித்தாள், நாற்பத்தாறரை. மாஸ்டர் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி பேப்பரைப் பார்த்தார். மறுபடி முருகனைப் பார்த்தார். இரண்டாவது அட்டை வெட்டித் தேதி போட்டார்.

"அலைஞ்சு அலைஞ்சு அக்கா எளைச்சுட்டாங்க" என்று கோகிலா திருஷ்டி கழித்தாள். பக்கத்து வீட்டு செல்வநாயகி காதோடு வந்து, என்ன டயட் என்று கேட்டாள். கொள்ளு ரசம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எங்கள் தெருவே கொள்ளு ரசம் வைக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுக்காரர் வழக்கமானதைச் சொன்னார். இம்முறை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். கம்பெனி ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

தாராபுரத்திலிருந்து சரஸ்வதி அக்கா போன் செய்தாள். அக்காவைப் பற்றி இந்த டைரியில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஆறு வருடம் முன்பு அக்காவுக்கு ஒரு சீட்டு வந்தது. முதலில் இனிப்பை நிறுத்தினார்கள். பிறகு எருமையை விற்றார்கள், அவளால் முடியாதென்று. பிறகு அடுப்படி மருமகள் கைக்குப் போயிற்று. பிறகு டீவிக்கு முன்னால் ஒரு நாற்காலி. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் பிரியமாகத்தான் உட்கார வைத்தார்கள். இன்று போனில் ஒரு மணி நேரம் சீரியல் கதை சொன்னாள். எருமைக்கு அவள் வைத்த பெயர் நாச்சியார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, ஜிப் விலை விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

இரண்டாவது நைட்டியும் தொளதொளவென்று இருக்கிறது. இன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. மாஸ்டர் குனிந்துகொண்டே, "அட்டை எளைச்சுட்டே வருதுங்க அம்மிணி" என்றார்.

அட்டை எப்படி இளைக்கும்? அறுபது வயதில் மனிதர் உளற ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "கண்ணாடியை மாத்துங்க மாஸ்டர், வெட்டறது பூராவும் அகலமாப் போகுது" என்று வாய்விட்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து என்று எழுதி மூன்றாவது அட்டையை வெட்டினார். டீ குடிக்காமல் போய்விட்டார். அவர் டீ குடிக்காமல் போய் நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை. பகலில் தூங்கினேன். எழுந்து மறுபடி தூங்கினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சோதனைக்கு அறுபது உருப்படி போடுவதென்று முடிவு. விற்றுப் பார்த்தால்தான் முடியுமா முடியாதா என்பது தெரியும். அதற்கு முன் கடைசியாக ஒரு அளவு. நாற்பத்து நான்கு. நாலாவது அட்டை. மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன வாரத்துக் கண்ணாடிப் பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

நைட்டி எனக்குக் கச்சிதமாக இருந்தது. கோகிலா கைதட்டினாள். கழுத்தில் டபுள் எக்ஸெல் லேபிள் வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். சட்டம் சட்டம்தானே, டபுள் எக்ஸெல் என்றால் நான்தான்.

மார்ச் 3, திங்கள்

அறுபதும் போய்விட்டது! ரேஷன் கடை வரிசை, பஜனைக் கூட்டம், பழைய கம்பெனி கேன்டீன் எங்கும் கொடுத்தோம். உள்ளூர்க் குண்டம்மாக்களின் கணக்கெடுப்பு என்னிடம் இருக்கும்போது விற்பது என்ன பெரிய காரியம். "விசாலுவுக்குச் சேர்ந்தா எனக்குச் சேரும்" என்று போட்டுப் பார்க்காமலே வாங்கினார்கள். ஷெட்காரம்மாவுக்குப் போன் செய்து, பாத்ரூமுக்குச் செங்கல் இறக்கச் சொல்லிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் 'முடியும்' என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

முதல் போன், நைட்டி வாங்கிய பரிமளா டீச்சரிடமிருந்து. தலை நுழைந்து, இரண்டு கையும் பாதி நுழைந்து, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் கையைத் தூக்கியபடி கால் மணி நேரம் நின்றாராம். டீச்சரின் வீட்டுக்காரர், அம்மா சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து விளக்கேற்றி வைத்தாராம்.

சிரித்துவிட்டு வைத்தேன். அடுத்தது பஜனைக் கூட்டம் மொத்தமும். சாயங்காலத்துக்குள் கோகிலா வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நாற்பத்தேழு நைட்டி திரும்பி வந்தது. மீதிப் பதின்மூன்று பேர் கூச்சத்தில் வரவில்லை போல. "உன்னை நம்பி வாங்கினோம் விசாலு" என்று ஒருத்தி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம், மெதுவாகச் சொன்னாள்.

கோகிலா மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 8, சனி

இதை எப்படி வேடிக்கையாக எழுதுவது என்று பார்க்கிறேன்.

காலையில் மாஸ்டர் வந்தார். கையில் மஞ்சள் பை. கோகிலாவிடம் டீ கேட்டு வாங்கி முழுதாகக் குடித்தார். பிறகு பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து, கட்டிங் மேஜையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். ஜனவரி அட்டை அடியில், அதன் மேல் மற்ற மூன்றும். நடு ஓரத்தை ஒட்டி ஒழுங்காக அடுக்கினார். மறுபக்கம் படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தது. அடி அட்டையின் ஓரத்துக்கும் மேல் அட்டையின் ஓரத்துக்கும் நடுவில் என் கட்டை விரலை வைக்கலாம் போலிருந்தது.

"இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். "ஒரு பொம்பளை ஒடம்பைப் பத்தி நான் எப்படிங்க பேசறது? அட்டையைப் பத்தின்னாப் பேசலாமுங்க. நாப்பத்தஞ்சு வருசமா அட்டை வெட்டறேன். அலைஞ்சு எளைக்கற அட்டை இப்படி எளைக்காதுங்க. என்ற சம்சாரத்துக்கு இப்படித்தான் எளைச்சுது. நான் அப்ப ஜாக்கெட்டைத்தான் பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்தேன்."

கோகிலா அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டேப்பப் புடிச்சது நான்தானே அக்கா. எண்ணைப் பாத்தேன், உங்களப் பாக்கலியே" என்றாள்.

நான் கையோடு கொண்டு வந்திருந்த டைரி மேஜையில்தான் இருந்தது. அவள் அதைத் தள்ளி வைக்கப் போக, அடையாளச் சீட்டு கீழே விழுந்தது. பிரித்துச் சத்தமாகப் படித்தாள். சர்க்கரை 368. உடனே மருத்துவரைப் பார்க்கவும். ஜனவரி 17.

இப்போதுதான் கேட்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு நொடிதான். மாஸ்டர் காலண்டரைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தார், முகம் கலைந்துவிட்டது. அந்தச் சீட்டை வாங்கிய அன்றே, பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். இரண்டு முறை படித்தேன். வீட்டுக்காரர் தினமும் சொன்ன வழக்கமானதும் அதுதான்: வா, டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம். ஊரார் துணிக்கெல்லாம் அம்பு ஒட்டினவள், என் மேல் ஒருத்தர் ஒட்டியதும் அதைப் பிய்த்து நான்காக மடித்து டைரிக்குள் வைத்துவிட்டேன்.

"உட்கார வெச்சுருவாங்க கோகிலா" என்றேன். இந்த இரண்டு மாதத்தில் நான் பேசியதில் நிஜமான பேச்சு அது ஒன்றுதான்.

"நிக்கறவங்கதான் இப்ப விழறாப்ல இருக்கறீங்க" என்றாள் அவள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். டிரிப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் அவர் டிரிப்பை விட்டது அதுவே முதல் தடவை. ஆஸ்பத்திரி வாசலில், "மாமா இருக்கறனில்ல" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற வயசாளிக்கு, மெதுவா இறங்குங்க என்று சொல்வது போலச் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

மாத்திரை மூன்று வேளை. ஊசி ராத்திரிக்கு ஒன்று. கால் நரம்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த டாக்டர், இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒழுங்காக இருந்தால் போன எடையில் கொஞ்சம் திரும்பி வருமாம். எடை கூடும் என்ற செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். போகலாமே என்றார். நாள் பூரா நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானாம்.

செல்வநாயகியிடம் கொள்ளு ரசத்தின் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏமாந்த முகத்தோடு போனாள். மூன்று கிலோ கொள்ளு வாங்கி வைத்திருக்கிறாளாம்.

மார்ச் 13, வியாழன்

என் பதவி போய்விட்டது. கோகிலா சட்டத்தை மாற்றிவிட்டாள். நைட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களை அன்றைக்கு அவள் சும்மா அனுப்பவில்லை. அழுதுகொண்டே ஒவ்வொருத்தியாக நிறுத்தி அளவெடுத்திருக்கிறாள், பிரமை பிடித்து நின்ற நான்தான் கவனிக்கவில்லை. நாற்பத்தேழு பேர். இந்த ஊரில் எந்தக் கம்பெனியிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்காது. மாஸ்டர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, நம் ஜனவரி அட்டைதான் சரி, அக்குளில் அரை இஞ்ச் விட்டால் போதும் என்றார். ஐந்தாவது அட்டைக்கு இன்றைய தேதி. இனி டபுள் எக்ஸெல் என்பது யாருடைய உடம்பும் இல்லை.

கண்ணாடி விஷயத்துக்கு மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டியதுதான், ஒரு வருடமாகத் தள்ளிப் போடுகிறேன் என்றார். இரண்டு பேரும் ஒரே ஜாதி என்று சிரித்தோம்.

ஊதா நைட்டியில் என்னோடு இன்னொருத்தி குடியிருக்கலாம். பிடித்துத் தரட்டுமா என்று மாஸ்டர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

நாளை பயிற்சி வகுப்பு சாரிடம் இதைக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். முடியும். களைப்பு இன்னும் போகவில்லை. போக நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முந்தின பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் இருக்கிறது. ஓவர்லாக் மிஷின், தையல் மிஷின், கட்டிங் மேஜை, அயர்ன் பாக்ஸ், செக்கிங் மேஜை. ஜனவரியில் நானும் கோகிலாவும் சேர்ந்து எழுதியது. அதில் கடைசியாக ஒரு வரி இன்று சேர்த்தேன். சேர்ப்பதற்குள் இரண்டு தடவை பேனாவை மூடித் திறந்தேன்.

செக்கிங் மேஜைக்கு ஸ்டூல், ஒன்று. உயரமானது.